செராத்திங்கா, பத்து பிரிங்கியா? அலைச்சறுக்குக்காகத் தங்கப் போகிறவர்களுக்கு

பிப்ரவரியில் சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றே தீருவேன் என்று மகன் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கோலாலம்பூர் செந்தூலில் இருந்து காரில் போய்வர மலேசியாவிலேயே இரண்டு இடங்கள் கையில் இருந்தன: பினாங்கின் பத்து பிரிங்கி, பகாங்கின் செராத்திங். நாத்தனார் பினாங்கில்தான் இருக்கிறாள். "கடல்னா எல்லாம் ஒண்ணுதானே அண்ணி, இங்கேயே வந்துருங்க" என்றாள்.

கடல் ஒன்று இல்லை. பத்து பிரிங்கிக்கு எதிரே மலாக்கா நீரிணை. சுமத்ரா குறுக்கே கிடந்து இந்தியப் பெருங்கடலின் அலைகளை மறித்துவிடுவதால் பலகையில் ஏறி நிற்கும்படியான அலை அங்கே வருவது அபூர்வம். செராத்திங் தென்சீனக் கடலைப் பார்த்திருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று திறந்த கடலில் நெடுந்தூரம் வீசி அலையை உருட்டிக்கொண்டு வரும். தூரத்தைப் பார்த்தாலும் செராத்திங்தான் பக்கம். காராக் நெடுஞ்சாலை வழியாகக் குவாந்தானுக்குச் சுமார் 250 கிலோமீட்டர், அங்கிருந்து வடக்கே 45. பினாங்கு என்றால் 350 ஆகிவிடும்.

அலை வேண்டாம், வேறு சாகசம் போதும் என்பவர்கள் தாராளமாகப் பினாங்குக்குப் போகலாம். பாராசெய்லிங், ஜெட் ஸ்கீ எல்லாம் கரையிலேயே கிடைக்கும். தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் காட்டுவழியாக நடந்து கெராச்சுட் கடற்கரைக்குப் போனால், நன்னீரும் உப்புநீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் ஏரி ஒன்று இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீந்துவதற்கு முன் ஜெல்லி மீன் நடமாட்டம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, செராத்திங். அங்கேயும் பெரிய ரிசார்ட்டா, சின்ன கெஸ்ட் ஹவுஸா என்ற கேள்வி வந்தது. கடலுக்கு 3 நிமிட நடையில் இருந்த மர வீடு ஒன்றில், நான்கு பேருக்கு ஓர் இரவு 130 ரிங்கிட்டுக்குத் தங்கினோம். அறை சுமார்தான், வெந்நீரும் இல்லை. ஆனால் அங்கே தங்கியிருக்காவிட்டால் மகன் பலகையில் எழுந்து நின்றிருக்கமாட்டான் என்று உறுதியாகச் சொல்வேன். காரணம், கடல்நீர் ஏறி வற்றும் ஏற்றவற்றம்.

முதல் நாள் காலை 7 மணிக்கே தயாராகி நின்றோம். கற்றுக்கொடுப்பவர் அந்த வீட்டுக்காரரின் தம்பி. கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெலும் லாகி, காக்" என்றார். மலாயில், இன்னும் நேரம் வரவில்லை அக்கா என்று அர்த்தம். கடல் ஏறியிருந்ததால் அலை கரையை ஒட்டி வந்து பட்டென்று அறைந்து உடைந்துகொண்டிருந்தது. பத்தரை மணிக்கு அவரே வந்து கதவைத் தட்டினார். தண்ணீர் வற்றியதும் அலை கரையிலிருந்து தள்ளியிருந்த மணல்திட்டிலேயே உடைந்து, வெள்ளை நுரையாக நீளமாக உருண்டு வந்தது. புதிதாகக் கற்பவருக்கு வேண்டியது அந்த நுரைதான். ஒன்றரை மணி நேரத்தில் அது போய்விட்டது. மறுநாள் அந்த நேரம் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போனது. குவாந்தானில் ஓட்டல் எடுத்துக்கொண்டு, "காலை 8 மணி வகுப்பு" என்று பதிவு செய்து ஓடி வந்திருந்தால் பாதிப் பணம் கடலோடு போயிருக்கும்.

இறங்குமுன் அவர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டியதையும் சொல்லவேண்டும். இரண்டு மணல்திட்டுகளுக்கு நடுவே அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் ஆபத்தாம். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டிமோதாமல், கரையோடு பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். அவர் சொல்லியிருக்காவிட்டால் அலை இல்லாத இடம் பார்த்து மகளை நானே அங்குதான் இறக்கியிருப்பேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

குறைகளும் உண்டு. அந்தப் பருவத்தில் துணி காயவே காயாது. ஆளுக்கு மூன்று செட் நீச்சலுடை கொண்டுபோங்கள். வாசலில் குழாயும் கூரை போட்ட திண்ணையும் இல்லாத வீடென்றால் வேண்டாம், மணலெல்லாம் படுக்கைக்கு வந்துவிடும். சைவச் சாப்பாடு தேடி அலைய வேண்டியிருந்தது. மாமியாருக்காக அரிசி, பருப்பு, ஊறுகாய் எடுத்துப்போனது நல்லதாயிற்று, சமையலறையைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். இரவில் ஆற்றில் படகேறி மின்மினி பார்த்தோம். அது மாமியாருக்காகவே அமைந்தது போல இருந்தது.

நான் தங்கியது பிப்ரவரியில் மட்டும். டிசம்பரில் அலை பெரிது, மழையும் வெள்ளமும் வரும் காலம். அப்போது பிள்ளைகளோடு போகலாமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்லமுடியாது. ஏப்ரலுக்குப் பிறகு கடல் அடங்கிவிடுமாம்.

எந்த வீட்டைப் பதிவு செய்தாலும் முதலில் போனில் ஒன்று கேளுங்கள்: "நாங்கள் வருகிற அன்று எத்தனை மணிக்குக் கடலில் இறங்கலாம்?" நேரத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றால் அங்கே தங்கலாம். எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்றால் அடுத்த வீட்டுக்குப் போன் போடுங்கள்.