ஃப்ரீகேட் 1.0 ஸ்கெட்சர்: கன்ஸ்ட்ரெயின்ட் முட்டிக்கொண்டால் எதை எடுப்பது?

இலவச கேட் (CAD, கணினியில் பாகங்களை வடிவமைக்கும்) மென்பொருள் எது என்று கேட்டால் முதலில் ஃப்ரீகேட் பெயர் வரும். அடுத்த மூச்சிலேயே "அதுல ஸ்கெட்ச் போட்டா எதுக்கெடுத்தாலும் எரர் காட்டும்" என்ற புலம்பலும் வரும். புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பில் 2டி உருவம் வரையும் பகுதியான ஸ்கெட்சரை மட்டும் எடுத்துக்கொண்டால், கோளாறு எந்த இடத்தில் என்று காட்டும் வேலையை அது நன்றாகவே செய்கிறது. காட்டிய கன்ஸ்ட்ரெயின்ட்களில் (கோடு, வட்டங்களின் அளவையும் நிலையையும் கட்டிப்போடும் விதிகள்) எதை அழிப்பது என்ற முடிவைத்தான் நம் தலையில் கட்டிவிடுகிறது. அந்த முடிவை எப்படி எடுப்பது, மென்பொருள் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

ஸ்கெட்சைத் திறந்ததும் டாஸ்க் பலகையின் மேலே ஒரு வரி தெரியும்: ‘அண்டர் கன்ஸ்ட்ரெயின்ட், 4 டிஓஎஃப்’ என்பது போல. ஸ்கெட்சரில் மிக உபயோகமான பகுதி இதுதான். பலர் கண்டுகொள்ளாததும் இதுதான். டிஓஎஃப் என்றால் இன்னும் எத்தனை விதமாக அசைய இடமிருக்கிறது என்ற எண். ஒரு புள்ளிக்கு 2, ஒரு கோட்டுக்கு 4, வட்டத்துக்கு 3, வில்லுக்கு 5. செவ்வகக் கருவியால் ஒரு செவ்வகம் போட்டால் கணக்கு இப்படி ஓடும்: நான்கு கோடுகளுக்கு 16, நான்கு மூலைகளும் கோ-இன்ஸிடென்ட் (முனையோடு முனை ஒட்டுவது) ஆனதில் 8 போய்விடும், இரண்டு ஹாரிசான்டல் (கிடை), இரண்டு வெர்டிகல் (செங்குத்து) சேர்ந்து இன்னும் 4 எடுத்துவிடும். மிச்சம் 4: அகலம், உயரம், குறுக்காக நகர்வது, நெடுக்காக நகர்வது.

ஒவ்வொரு கன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்ததும் இந்த எண் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் பழக்கம் வந்தாலே முக்கால்வாசிச் சிக்கல் வராது. 2 குறைய வேண்டிய இடத்தில் 1 மட்டும் குறைந்தால், அந்த நொடியே ஏதோ ஒன்று ஏற்கெனவே சொல்லப்பட்டதைத் திரும்பச் சொல்கிறது என்று அர்த்தம்.

ஒரு சாதாரண தகட்டை எடுத்துக்கொள்வோம். 80 × 50 மி.மீ., நடுப்புள்ளி ஒரிஜினில் (அச்சுகள் சந்திக்கும் புள்ளி), நான்கு மூலையிலும் எம்6 போல்ட்டுக்கு 6.6 மி.மீ. துளை, துளை மையம் விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே. செவ்வகத்தை நடுவில் நிறுத்த பலரும் செய்வது இது: மேல் மூலைகள் இரண்டையும் தேர்ந்தெடுத்து, செங்குத்து அச்சையும் சேர்த்து, சிமெட்ரிக் (இருபுறமும் சமச்சீர்) கொடுப்பார்கள். உடனே ‘பார்ஷியலி ரிடன்டன்ட்’ (பாதி ஏற்கெனவே சொன்னதுதான்) என்று வரும். காரணம் எளிது. சிமெட்ரிக் என்பது உள்ளே இரண்டு சமன்பாடு. ஒன்று, இரு புள்ளிகளின் நடு அச்சின் மேல் இருக்க வேண்டும். மற்றொன்று, இரண்டையும் இணைக்கும் கோடு அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அந்தக் கோட்டில்தான் ஏற்கெனவே ஹாரிசான்டல் உட்கார்ந்திருக்கிறதே. மேல்கோட்டின் ஹாரிசான்டலை அழித்தால் செய்தி போய்விடும். அதைவிடச் சுத்தமான வழி: எதிரெதிர் மூலைகள் இரண்டையும் ஒரிஜினையும் தேர்ந்தெடுத்து ஒரே சிமெட்ரிக். 4 இருந்தது 2 ஆகும். அகலம் 80, உயரம் 50 கொடுத்தால் 0.

இதில் இன்னொரு வழக்கமான வில்லங்கம் உண்டு. செவ்வகத்தை இழுக்க ஆரம்பிக்கும்போது மவுஸ் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தால், ஆட்டோ கன்ஸ்ட்ரெயின்ட் அந்த மூலையைச் சத்தமில்லாமல் அச்சோடு ஒட்டிவிடும். பிறகு ஒரிஜினைச் சுற்றி சிமெட்ரிக் கொடுத்தால் செவ்வகம் சுருங்கி ஒரு கோடாகிவிடும், அல்லது 80 என்று அளவு கொடுத்ததும் முரண்பாடு என்று நிற்கும். பார்ப்பவர் கடைசியாகக் கொடுத்த 80-ஐ அழித்து அழித்துத் திரும்பப் போடுவார். குற்றவாளி முதல் கிளிக்கில் வந்த ஒட்டு. ஆகவே நடுவில் வைக்க வேண்டிய உருவத்தை அச்சுகளிலிருந்து தள்ளி வரைந்துவிட்டு, பிறகு கன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்து உள்ளே கொண்டுவருவது நல்லது.

துளைகளுக்கு வருவோம். நான்கு வட்டம், 12 டிஓஎஃப். மூன்று ஈக்வல் (சம அளவு), ஒரு விட்டம்: 8 மிச்சம். ஒன்றும் இரண்டும் செங்குத்து அச்சைச் சுற்றி, இரண்டும் மூன்றும் கிடை அச்சைச் சுற்றி, மூன்றும் நான்கும் மறுபடி செங்குத்து அச்சைச் சுற்றி சிமெட்ரிக். ஒவ்வொன்றும் 2 எடுக்கும், 2 மிச்சம். சுற்றை முடித்துவிடலாம் என்று நான்கையும் ஒன்றையும் கிடை அச்சைச் சுற்றி சிமெட்ரிக் செய்தால்தான் ‘ரிடன்டன்ட்’ வரும். அது ஏற்கெனவே தானாக அமைந்துவிட்டது. மிச்சமிருக்கும் இரண்டும் துளைகளுக்கு இடையேயான 64, 34 என்ற அளவுகளுக்கானவை.

ஸ்லாட்டில் (இரு முனையும் வளைந்த நீள்துளை) இதே தவறு கொஞ்சம் மறைவாக வரும். இரண்டு வில், இரண்டு கோடு: 18. நான்கு முனையிலும் டாஞ்சென்ட் (கோடும் வில்லும் முறிவில்லாமல் தொட்டுச் சேர்வது) கொடுத்தால் ஒவ்வொன்றும் 3 எடுக்கும், ஏனென்றால் முனைக்கு முனை டாஞ்சென்ட்டுக்குள்ளேயே கோ-இன்ஸிடென்ட் அடங்கியிருக்கிறது. மிச்சம் 6. இப்போது வில்கள் இரண்டுக்கும் ஈக்வல், மேல்கோட்டுக்கு ஹாரிசான்டல், கீழ்க்கோட்டுக்கு ஹாரிசான்டல் என்று மூன்றையும் கொடுத்தால் முட்டும். மூன்றில் எந்த இரண்டைக் கொடுத்தாலும் மூன்றாவது தானாக வந்துவிடும். ஈக்வலையும் ஒரு ஹாரிசான்டலையும் வைத்துக்கொள்வதே மேல். பின்னாளில் ஸ்லாட்டைச் சாய்க்க வேண்டி வந்தால் ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். முனைகள் ஏற்கெனவே கோ-இன்ஸிடென்ட்டில் இருக்கும் இடத்தில் கோட்டுக்கும் வில்லுக்கும் டாஞ்சென்ட் கொடுத்தால், ஃப்ரீகேட் தானே பழையதை நீக்கி முனை டாஞ்சென்ட்டாக மாற்றிவிட்டு ஓர் அறிவிப்பும் காட்டும். அது எரர் இல்லை, பயப்பட வேண்டாம்.

செய்திகளின் வகையைப் பிரித்துப் படிக்க வேண்டும். ‘கான்ஃப்ளிக்டிங்’ என்றால் இரண்டு கட்டளைகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. ‘ரிடன்டன்ட்’ என்றால் ஒன்றையே இரண்டு தடவை சொல்லியிருக்கிறோம். இந்த இரண்டுமே ஸ்கெட்சைச் செல்லாததாக்கிவிடும். அதை நம்பியிருக்கும் பேட் (உருவத்துக்குத் தடிமன் கொடுப்பது), பாக்கெட் (குடைந்தெடுப்பது) எல்லாம் நின்றுவிடும். ‘பார்ஷியலி ரிடன்டன்ட்’ வெறும் எச்சரிக்கை, வேலை ஓடும். அதற்காக விட்டுவைக்க வேண்டாம். அந்த ஸ்கெட்சில் அடுத்து கை வைப்பவர் தலையில் அது விடியும்.

செய்தியில் அடிக்கோடிட்ட பகுதியைக் கிளிக் செய்தால் சம்பந்தப்பட்ட கன்ஸ்ட்ரெயின்ட்கள் தேர்வாகும். டிஓஎஃப் எண்ணைக் கிளிக் செய்தால் இன்னும் அசையக்கூடிய கோடுகளும் புள்ளிகளும் தேர்வாகும். எது எந்தப் பக்கம் அசையும் என்று தெரியவில்லையா, பிடித்து இழுத்துப் பாருங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் கண்டுபிடிக்கும் வேலை முடிந்தது. ஆனால் சால்வர் (கன்ஸ்ட்ரெயின்ட்களைக் கணக்கிடும் பகுதி) காட்டும் கன்ஸ்ட்ரெயின்ட் எண்ணை அப்படியே வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஒன்றோடொன்று பின்னிய நாலைந்து கன்ஸ்ட்ரெயின்ட்களில் எந்த ஒன்றை எடுத்தாலும் கணக்கு சரியாகிவிடும். எதை வைத்துக்கொள்வது என்பது டிசைன் பற்றிய கேள்வி. டிராயிங்கில் எழுதப்போகும் அளவை வைத்துக்கொண்டு, தானாக வந்து ஒட்டியதை எடுப்பது பொதுவாகச் சரியாக இருக்கும். அளவையும் பார்க்க வேண்டும், முரணும் கூடாது என்றால் அழிக்காமல் அதை ரெஃபரன்ஸாக மாற்றிவிடலாம். நிறம் மாறி, அளவை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். சந்தேகம் இருந்தால் ஆக்டிவேட் பொத்தானால் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம்.

சால்வர் செய்தியின் அமைப்புப் பட்டியலில் ‘ஆட்டோ ரிமூவ் ரிடன்டன்ட்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அணைத்தே வையுங்கள். நம் எண்ணம் என்ன என்று அதற்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டிய ஈக்வலைத் தூக்கிவிட்டு வேண்டாத ஹாரிசான்டலை வைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் கட்டண கேட் மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் ஒரு படி மேலே இருப்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதன் ஸ்கெட்ச்எக்ஸ்பர்ட்டில் டயக்னோஸ் கொடுத்தால், எதை எதை எடுத்தால் ஸ்கெட்ச் என்ன உருவத்துக்கு வரும் என்று ஒவ்வொரு தீர்வாகப் புரட்டிக் காட்டும். ஃப்ரீகேட்டில் அப்படி எதுவும் கிடையாது. கையால்தான் அழித்து, பார்த்து, அன்டூ செய்து, அடுத்ததை அழிக்க வேண்டும். பைசா செலவில்லாத மென்பொருளிடம் கேட்க வேண்டிய அடுத்த வசதி இதுதான்.

டிஓஎஃப் 0, ஸ்கெட்ச் முழுக்கப் பச்சை, ஆனாலும் பேட் வர மறுக்கிறது. இது வேறு வியாதி. கன்ஸ்ட்ரெயின்ட் கணக்கு சரியாக இருப்பதும் உருவம் மூடியிருப்பதும் தனித்தனி விஷயம். இரண்டு முனைகள் திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் கோ-இன்ஸிடென்ட் இல்லாமல் அருகருகே இருக்கலாம். ஸ்கெட்சை மூடி, மாடல் மரத்தில் (படிகளைக் காட்டும் பட்டியல்) அதைத் தேர்ந்தெடுத்து, ஸ்கெட்ச் மெனுவில் ‘வேலிடேட் ஸ்கெட்ச்’ திறக்க வேண்டும். திறந்த முனைகளைக் குறிகாட்டும் பொத்தானை முதலில் அழுத்துங்கள். எந்த மூலை என்று தெரிந்துவிடும். பிறகு விடுபட்ட கோ-இன்ஸிடென்ட் பகுதியில் ஃபைண்ட், ஃபிக்ஸ். டாலரன்ஸை (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற அளவு) சின்ன எண்ணிலிருந்து படிப்படியாகக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் பெரிய எண் போட்டால், வேண்டுமென்றே விட்ட மெல்லிய இடைவெளியையும் சேர்த்து மூடிவிடும்.

வேலிடேட் எல்லாம் சரி என்று சொல்லியும் பேட் வரவில்லையென்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடு. இதை லேசர் கட்டிங்குக்கு அனுப்பினால் ஒரே இடத்தை இரண்டு முறை வெட்டும். இரண்டு, மூடிய உருவத்தின் ஒரு பக்கத்தின் நடுவில் வந்து முட்டும் கோடு. மூன்று கோடுகள் சேரும் சந்தி வந்தால் அது ஒரே வளையமாக இருக்க முடியாது. அது வெறும் துணைக்கோடுதான் என்றால் கன்ஸ்ட்ரக்‌ஷனாக மாற்றிவிட்டால் முடிந்தது.

அளவை மாற்றியதும் ஸ்கெட்ச் உள்வெளியாகப் புரண்டுபோவதற்குக் காரணம் சால்வர் வேலை செய்யும் விதம். இப்போது இருக்கும் நிலையிலிருந்து கிளம்பி, எல்லாச் சமன்பாடும் பொருந்தும் ஒரு நிலையை எண்முறையில் தேடுகிறது. 80-ஐ ஒரேயடியாக 12 ஆக்கினால், கணக்குப்படி சரியான, ஆனால் நமக்கு வேண்டாத விடையில் போய் உட்காரலாம். 80, 50, 30, 12 என்று இறக்குங்கள். சாதாரண டிஸ்டன்ஸுக்கு எந்தப் பக்கம் என்ற நினைவு கிடையாது. ஹாரிசான்டல், வெர்டிகல் டிஸ்டன்ஸுக்கு எந்தப் புள்ளி முதல், எது அடுத்தது என்று தெரியும். புரளும் ஸ்கெட்சில் முந்தையதை எடுத்துவிட்டு பிந்தையதைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். முதலில் வரையும்போதே ஏறத்தாழ நிஜ அளவில் வரைவதும் உதவும். 1.0-இல் வரையும்போதே அளவைத் தட்டச்சு செய்யும் வசதி இருப்பதால் அது இப்போது சிரமமில்லை.

எக்ஸ்டர்னல் ஜியாமெட்ரி (ஸ்கெட்சுக்கு வெளியே உள்ள விளிம்பைப் பிடிப்பது) தொல்லை 1.0-இல் நிஜமாகவே குறைந்திருக்கிறது. முன்பு மாடலில் முன்னால் உள்ள ஒரு படியை மாற்றினால் விளிம்புகளின் பெயர் மாறி, அதைப் பிடித்திருந்த ஸ்கெட்ச் எல்லாம் கவிழும். இந்தப் பதிப்பில் அதற்கான தடுப்பு உள்ளேயே வந்துவிட்டது. குறைந்ததே தவிர, ஒழிந்துவிடவில்லை. ஃபில்லட்டின் (மூலையை வளைவாக்குவது) விளிம்பைப் பிடிப்பதைவிட ஒரிஜின் அச்சையோ முதல் ஸ்கெட்சின் கோட்டையோ பிடிப்பது இன்றும் பாதுகாப்பு.

பிளாக் கன்ஸ்ட்ரெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அசையும் கோட்டை அப்படியே உறைய வைத்து டிஓஎஃப்பை 0 ஆக்க அது சுலபமான குறுக்குவழி. படத்தின் மேல் இழுத்த பி-ஸ்ப்ளைனுக்கு (நெளிவான வளைகோடு) சரி. அளவு வரவேண்டிய பாகத்தில் போட்டால், அடுத்து கொடுக்கும் ஒவ்வொரு அளவும் அதனோடு சண்டை பிடிக்கும். ஸ்கெட்சுக்குள் ஃபில்லட் போடுவதும் அப்படித்தான். மூலைப்புள்ளி போய்விட்டால் அதைப் பிடித்திருந்த அளவுகளும் போகும். மூலையைக் காப்பாற்றும் தேர்வு இருக்கிறது, அதை இயக்கிக்கொள்ளலாம். அதைவிட, பார்ட் டிசைனில் (3டி பாகம் உருவாக்கும் பகுதி) பேட் எடுத்த பிறகு ஃபில்லட் கொடுப்பது நல்லது. ட்ரிம் செய்த (கோட்டைக் கத்தரித்த) பிறகும் டிஓஎஃப் எண்ணை ஒருமுறை பாருங்கள், கூடியிருக்கும்.

குறைகளில் கண்ணை உறுத்துவது ஐகான் நெரிசல். துளைகள் நெருங்கிய தகட்டில் ஈக்வல், சிமெட்ரிக் குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, வேண்டியதைக் கிளிக் செய்யவே முடியாது. முக்கிய அளவுகளுக்குப் பெயர் வைத்து, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதுதான் வழி. மற்றதை வர்ச்சுவல் ஸ்பேஸுக்கு (கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்கும் இடம்) தள்ளலாம். கன்ஸ்ட்ரெயின்ட்கள் நூற்றுக்கணக்கில் போனால் ஸ்கெட்ச் இழுக்க இழுக்கத் திணறும். அப்போது ஆட்டோ அப்டேட்டை அணையுங்கள். இருபது துளை வரைவதற்குப் பதில் ஒன்றை மட்டும் வரைந்து, பாக்கெட் எடுத்து, பார்ட் டிசைனின் லீனியர் பேட்டர்னிலோ (நேர்வரிசை) போலார் பேட்டர்னிலோ (வட்டவரிசை) பெருக்கிக்கொள்ளுங்கள்.