ஒரே கார், இரண்டு பெயர், இரண்டு விலை: டர்பனில் பழைய கார் வாங்கும் கணக்கு

சுமார் 2 லட்சம் ராண்டை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கார் தேடுகிறவர்கள், உம்கேனி சாலைக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பெரும்பாலும் நான்கு பெயர்களில் வந்து நிற்கிறார்கள்: ஃபோக்ஸ்வாகன் போலோ வீவோ, டொயோட்டா கொரோலா க்வெஸ்ட், டொயோட்டா ஸ்டார்லெட், சுசுகி பலேனோ. அடிக்கடி பழுதாகக் கூடாது, பழுதானால் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், விற்கும்போது கையைக் கடிக்கக் கூடாது என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். இந்த மூன்றும் ஒரே காரில் சண்டையில்லாமல் குடியிருக்கும் என்று நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

"கண்ணை மூடிக்கொண்டு டொயோட்டா வாங்கு" என்று சொல்லாத மாமாவே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இல்லை. அதில் ஊர்ப்பாசமும் கலந்திருக்கிறது. டொயோட்டாவின் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலை இசிப்பிங்கோவை ஒட்டியே இருக்கிறது. மெயர்பேங்கில் அங்கே வேலை பார்த்த ஒருவராவது இல்லாத தெரு அபூர்வம். ஆனால் அவர்கள் கைகாட்டும் ஸ்டார்லெட் ப்ராஸ்பெக்டனில் செய்ததல்ல, இந்தியாவில் மாருதி சுசுகி செய்தது. அங்கே டொயோட்டா அதை கிளான்ஸா என்று விற்கிறது. இங்கே 2020 செப்டம்பரில், எட்டியோஸ் என்ற டொயோட்டா கார் விட்டுப்போன இடத்துக்கு ஸ்டார்லெட் என்ற பெயரில் வந்தது. சுசுகி கடையில் அதே காருக்குப் பெயர் பலேனோ.

ஒப்பிடுவதற்கு இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது. எஞ்சினும் கியரும் இரண்டிலும் ஒன்றே. தொடக்கத்தில் 1.4 லிட்டர், 2022இல் புது உருவம் வந்தபோது 1.5 லிட்டர். டர்போ இல்லை, வால்வுகளை இயக்க பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் தொந்தரவு தராத எளிய எஞ்சின். ஆகவே உழைப்பில் எது உயர்ந்தது என்று வாதிடுவது வெட்டிப்பேச்சு. வித்தியாசம் பெயர்ப்பலகையில் இருக்கிறது; ஒரே வருடம், ஒரே கி.மீ. என்றாலும் ஸ்டார்லெட்டுக்குக் கடைக்காரர் கூடுதலாகக் கேட்கிறார், கேட்டதும் கிடைக்கிறது.

அந்தக் கூடுதல் பணம் விற்கும்போது திரும்பி வந்துவிடும் என்பது வழக்கமான சமாதானம். வரும்தான். ஆனால் கடன் போட்டு வாங்கினால் அந்தத் தொகைக்கும் சேர்த்தே மாதாமாதம் வங்கிக்கு வட்டி கட்டுகிறோம். அதை யாரும் திருப்பித் தருவதில்லை. வாரன்ட்டியும் எதிர்த்திசையில் ஓடுகிறது. சுசுகி தருவது 5 ஆண்டு அல்லது 200,000 கி.மீ.; டொயோட்டா தருவது 3 ஆண்டு அல்லது 100,000 கி.மீ. இரண்டு வயதுக் காரை வாங்கினால் பலேனோவில் மூன்று ஆண்டு மிச்சம், ஸ்டார்லெட்டில் ஓராண்டு. அதிக விலை கொடுத்து, குறைந்த காப்போடு, அதே காரை ஓட்டுகிறோம். மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றுகிறவருக்கு ஸ்டார்லெட் கட்டுப்படியாகும். அதற்கு மேல் வைத்திருக்கப்போகிறவர் பலேனோவை விட்டுவிட்டு ஸ்டார்லெட் வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மாகாணத்தின் சிறு ஊர்களில் வேலை என்றால் மட்டும் விதிவிலக்கு. டொயோட்டாவின் கிளைகள் அதுவரை பரவியிருக்கின்றன.

சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட்டால் மலிவாகச் சாமான் வந்துவிடும் என்று திட்டமிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியப் பலேனோவில் இருப்பது 1.2 லிட்டர் எஞ்சின். நம்மிடம் உள்ள 1.5ஐ அங்கே எர்டிகா, சியாஸ் போன்ற கார்களில்தான் தேட வேண்டும். பெட்டிக்குள் அடங்குகிற ஃபில்டரும் பிரேக் பேடும் இங்கேயே கிடைக்கின்றன. அடங்காத பம்பரை எந்தச் சித்தியும் விமானத்தில் தூக்கிவரப் போவதில்லை.

உதிரிபாகம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் வீவோவை மிஞ்ச ஆளில்லை. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில், யூட்டன்ஹேக் என்று நாம் அறிந்த, இப்போது கரியெகா என்றாகிவிட்ட ஊரில் 2010 முதல் அது தயாராகிறது. 2018இல் உடல் மாறியது. அதுவும் ஏற்கெனவே ஓடிய போலோவின் உடல்தான். பழைய அச்சையே தொடர்ந்து வார்ப்பதால் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு அது மனப்பாடம். க்ளேர்வுட்டில் ஒரு சாமான் கடைக் கவுண்டரில் நின்று தண்ணீர் பம்ப் கேட்டால், வருடமும் எஞ்சினும் எது என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போகிறவர் மூன்று பெட்டிகளோடு திரும்புவார்: கம்பெனி முத்திரை போட்டது, அதே தரத்தில் வேறு தயாரிப்பாளருடையது, விலை குறைந்த இறக்குமதி. போலோ சாமான்களை மட்டும் நம்பியே பிழைப்பு நடத்துகிற கடைகள் உண்டு. ஸ்டார்லெட்டுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. கண்ணாடி, விளக்கு, பம்பர் போன்றவற்றுக்கு டீலரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சாமான் எதற்கு விற்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வீவோவில் அடிக்கடி கெடுகிற சில உறுப்புகள் ஊரறிந்தவை: இக்னிஷன் காயில், பிளாஸ்டிக்கால் ஆன தெர்மோஸ்டாட் கூடு. பானெட்டைத் திறந்து எஞ்சினின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்ததுபோல் காய்ந்த கறை இருந்தால் அது கசிந்து உலர்ந்த கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்). விலையில் பேரம் பேசுவதற்கு நல்ல ஆதாரம். பேசாமல் வாங்கினால் அடுத்த பில் உங்களுடையது. 1.4 எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சின் வேலையே வந்துவிடும். இதே விலைக்குக் கிடைக்கிறதே என்று 7 கியர் டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர்பெட்டியுள்ள பழைய போலோவுக்குத் தாவுகிறவர்கள், அதன் உலர் கிளட்சும் கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் பகுதியும் எவ்வளவு செலவு வைக்கும் என்று முதலில் ஒரு கியர்பாக்ஸ் பட்டறையில் கேட்டுவிட்டுத் தாவட்டும்.

க்வெஸ்ட் ப்ராஸ்பெக்டனிலேயே பிறந்த கார். புது கொரோலா வந்த பிறகும் பழைய உடலை விலை குறைத்து விற்பதுதான் அதன் சூத்திரம்: 2014இல் 1.6 லிட்டரோடு வந்தது, 2020இல் அடுத்த உடலும் 1.8 லிட்டரும் வந்தன. குடும்பத்தோடு ஜோஹானஸ்பர்க் போகிறவர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் (Town Hill) என்ற மலைச்சாலை ஏற்றத்தில் அந்த 1.8இன் அருமையை உணர்வார்கள். உழைப்பில் நான்கிலும் இதற்கே என் ஓட்டு. அழகைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை.

ஆனால் அதே உழைப்புக்காகத்தான் வாடகை ஓட்டுநர்களும் இதை வாங்கினார்கள். செயலி மூலம் சவாரி ஏற்றிய க்வெஸ்ட்களின் கி.மீ. கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். மீட்டரை நம்பாதீர்கள், பின் இடப்பக்கக் கதவைப் பாருங்கள். வீட்டுக் காரில் ஓட்டுநர் பக்கம்தான் தேய்ந்திருக்கும். சவாரிக் காரில் பின் இடப்பக்கக் கைப்பிடியைச் சுற்றி நகக்கீறல், கதவடி விளிம்பில் செருப்புத் தேய்ப்பு, பின் பெல்ட் கொக்கியில் பளபளப்பு என்று எல்லாம் சாட்சி சொல்லும். 2022 ஏப்ரல் வெள்ளம் அந்தத் தொழிற்சாலையையே பல மாதம் முடக்கியது. தெருவில் நின்ற கார்களையும் அது விடவில்லை. அதற்கு முன் பதிவான எந்தக் கார் என்றாலும் ஸ்பேர் டயரைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்றும், இருக்கைத் தண்டவாளம் துருவேறியிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

இனி தொடக்கத்தில் சொன்ன அந்தச் சண்டைக்கு வருகிறேன். எல்லோரும் ஓட்டும் காருக்குச் சாமான் எங்கும் கிடைக்கிறது, மறுவிற்பனையும் நன்றாக இருக்கிறது. அதே காரணத்தால் அதைத் திருடிப் பிரித்து விற்பதும் எளிது. போலோவும் டொயோட்டாவும் திருட்டுப் பேச்சில் முன்னால் நிற்பதற்கு வேறு ரகசியம் இல்லை. "பழைய சாமான் இவ்வளவு எங்கிருந்து வருகிறது அண்ணா?" என்று க்ளேர்வுட் கடைக்காரர் ஒருவரைக் கேட்டேன். "என்னிடம் இருப்பதற்கெல்லாம் பில் இருக்கிறது, தம்பி. பில் இல்லாத கடைகளை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

இது இன்சூரன்சில் வந்து விடிகிறது. காரைப் பிடித்திருக்கிறது என்று கையெழுத்துப் போடுவதற்கு முன், நான்கு காருக்கும் ஒரே முகவரியில், ஒரே ஓட்டுநர் பெயரில் மாதக் கட்டணம் கேட்டு வாங்குங்கள். கார் இருக்குமிடம் காட்டும் டிராக்கர் கருவி கட்டாயமா, அதன் மாதச் சந்தா எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரவில் பூட்டிய கொட்டகையில் நிற்குமா, ஃபீனிக்ஸ் பகுதியில் வீட்டு வாசலில் தெருவில் நிற்குமா என்பதற்கும் விலை உண்டு. சாமான் மலிவால் வீவோவில் மிச்சமாகும் பணம் இங்கே சத்தமில்லாமல் கரைந்துவிடலாம். தெருவில் நிறுத்துகிறவருக்கு நான் வீவோ சொல்வதில்லை.

இந்த நான்குக்கும் வெளியே ஆசை காட்டுகிற விலையில் சில கார்கள் நிற்கும். டைஹாட்சு 2015இல் இந்த நாட்டை விட்டுப் போனது, ஷெவர்லே 2017இல் போனது, டாட்சன் என்ற பெயரே 2022இல் நின்றது. கம்பெனி இல்லாத காரை மலிவாக வாங்கலாம். அதைவிட மலிவாகத்தான் விற்க முடியும். ஜப்பானிலிருந்து பழைய கார் இறக்கிக்கொள்ளவும் சட்டம் இங்கே வழிவிடவில்லை. டர்பன் துறைமுகத்தில் இறங்குபவை அண்டை நாடுகளுக்குப் போகின்றன.

சர்வீஸ் விஷயத்தில் ஒரு சலுகை வந்திருக்கிறது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பதால், வாரன்ட்டி காலத்திலும் தனியார் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ளலாம். ஆனால் விற்கும் நாளில் வாங்குகிறவர் தேடுவது சர்வீஸ் புத்தகத்தில் டீலர் முத்திரையை. காரோடு வந்த சர்வீஸ் பிளான் தீரும்வரை டீலரிடம் போய்விட்டு, அதன் பிறகு உங்கள் மெக்கானிக்கிடம் போங்கள், ரசீதுகளை ஒரு கோப்பில் வையுங்கள்.

எந்தக் காரைத் தேர்ந்தாலும் பதிவுச் சான்றிதழில் 'கோடு 2' (Code 2, சாதாரணப் பழைய கார் என்ற குறியீடு) என்றிருக்க வேண்டும். 'கோடு 3' (Code 3) என்றால் அடிபட்டு மறுபடி கட்டிய கார். பல வங்கிகள் அதற்குக் கடன் தரத் தயங்கும், இன்சூரன்ஸ் கம்பெனியும் முகம் சுளிக்கும், சந்தையிலும் விலை போகாது. கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை விட்டுவிட்டு, அசல் சான்றிதழையே கேட்டு வாங்கி, அதிலுள்ள சேசிஸ் எண்ணை முன் கண்ணாடியின் அடியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.