கார் பேனலுக்குப் பெயின்ட்: வீட்டிலா, பட்டறையிலா?

என் சிறிய காரின் இடது ஃபெண்டருக்கு வீட்டில் நானே பெயின்ட் அடித்தேன். பானட்டைப் பட்டறையில் கொடுத்தேன். இரண்டும் ஒட்டியபடி இருப்பதால், வண்டியைக் கழுவும்போதெல்லாம் கண் தானாக இரண்டுக்கும் நடுவே போய்வருகிறது.

ஃபெண்டரைத் தடவினால் ஒரு மேடு பள்ளம் கிடையாது. ஆனால் வெள்ளி நிறம், காலை வெயிலில் பக்கத்துக் கதவைவிட ஒரு சாயல் கறுத்துத் தெரியும். பானட்டில் நிறம் அச்சு அசலாகப் பொருந்தியது. அப்புறம் இரண்டு மாதம் கழித்துப் பளபளப்புக்கு அடியில் மெல்லிய வளைவுக் கோடுகள் எழுந்து வந்தன. உப்புத்தாள் இழுத்த தடம் அது. அடிப்பூச்சு முழுதாகக் காயும் முன்பே அதன்மேல் நிறத்தை ஏற்றிவிட்டால், அது பின்னால் மெல்லச் சுருங்கி அந்தத் தடத்தை மேலே காட்டிவிடும்.

வீட்டில் எனக்கு நேரம் இருந்தது, சாதனம் இல்லை. பட்டறையில் சாதனம் இருந்தது, நேரம் இல்லை. பெயின்ட் வேலையில் எது நேரத்தால் நன்றாக வரும், எது சாதனத்தால் மட்டுமே வரும் என்று பிரித்துப் பார்த்தால், எந்தப் பேனலை எங்கே அடிப்பது என்று எளிதாக முடிவெடுக்கலாம்.

தேய்ப்பில் வீடு முந்தும்

ஸ்பிரே அடிப்பதுதான் வேலை என்று நினைப்போம். அது கடைசியில் வரும் அரை மணி நேரம். பழைய பெயின்டின் விளிம்பைச் சரிவாக்குவது, பள்ளத்தை நிரப்பப் பட்டி வைப்பது, தேய்ப்பது, நிறத்துக்கு அடியில் போகும் அடிப்பூச்சான பிரைமர் சர்ஃபேசர் அடிப்பது, மறுபடியும் தேய்ப்பது என்று மீதி எல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது. எண் கூடக் கூட உப்புத்தாள் நைசாகும். பட்டியை 80-ஆம் எண் தாளில் உருவத்துக்குக் கொண்டுவந்து, 180, 320 என்று நைசான தாளுக்குப் போய், சர்ஃபேசரை 400-லிருந்து 600 வரை கொண்டுபோக வேண்டும். நடுவில் ஓர் எண்ணைத் தாண்டினால், முந்தைய தாளின் கீறல் அப்படியே தங்கிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கட்டம் உண்டு. காய்ந்த சர்ஃபேசர் மேல் கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து மிளகுப்பொடி தூவியதுபோல லேசாகத் தூவுவது. பிறகு தட்டையான கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால், மேடான இடத்தில் கறுப்பு முதலில் போய்விடும். பள்ளத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். என் ஃபெண்டரில் சக்கர வளைவுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தீவு நின்றது. அதுவரை விரலுக்கும் தட்டுப்படாத, கண்ணுக்கும் தெரியாத பள்ளம். இன்னொரு தடவை சர்ஃபேசர் அடித்துத் தேய்த்த பிறகுதான் போனது.

ஒரு பேனலுக்கு இரண்டு முழு நாள் இப்படித் தேய்க்க எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகாது. பொறுமையுள்ள ஒருவரால் வீட்டில் இதைப் பட்டறைக்குச் சமமாக, சில நேரம் அதைவிட நன்றாகவே செய்ய முடியும். பட்டியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரின் அளவு மட்டும் கவனம்: 100 கிராமுக்கு 2, 3 கிராம் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகம் கலந்தால் ஊசித்துளைகள் விழும், மேல்நிறத்தில் கறையும் ஏறும்.

துருவின் மேல் மட்டும் யாரும் பெயின்ட் அடிக்க வேண்டாம். பளிச்சென்ற உலோகம் வரும்வரை சுரண்டி, துருவைத் தடுக்கும் எப்பாக்ஸி பிரைமர் போட்டுவிட்டுத்தான் மற்றது. இல்லாவிட்டால் கொப்புளம் திரும்பி வரும்.

நிறத்தில் பட்டறை முந்தும்

நிறத்தின் குறியீடு பெரும்பாலும் கதவுச் சட்டத்தில் அல்லது பானட்டுக்கு அடியில் ஒட்டிய தகட்டில் இருக்கும். அதைக் கொடுத்து ஸ்பிரே டப்பா வாங்கிவிடலாம். ஆனால் ஒரே குறியீட்டிலேயே சாயல் வேறுபாடுகள் உண்டு. வெயில் பட்டு மங்கிய வண்டி, குறியீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் விலகிப் போயிருக்கும். நல்ல பட்டறை கருவி வைத்து வண்டியின் நிறத்தையே அளந்து, ஒரு தகட்டில் அடித்துப் பார்த்த பிறகுதான் கலக்கும்.

வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று வெறும் நிறமாக இருந்தால் வீட்டிலேயே ஏறக்குறைய பொருத்திவிடலாம். மெட்டாலிக் வேறு கதை. அதில் மிதக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் நிறமே தெரிகிறது. கிட்டே பிடித்து ஈரமாக அடித்தால் கறுக்கும். தள்ளிப் பிடித்து உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பாவில், ஒரே கையில் இரண்டு நிறம் வரும். என் ஃபெண்டர் கறுத்தது அதனால்தான்.

பட்டறைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஃபெண்டரில் அடிக்கும் நிறத்தைப் பக்கத்துக் கதவுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டு, இரண்டுக்கும் முழுதாகக் கிளியர் கோட், அதாவது நிறத்தின்மேல் வரும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு, போடுவார்கள். வேறுபாடு இருக்கும், ஆனால் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிடிக்க முடியாது. டப்பாவில் இதைச் செய்வது மிகக் கடினம். வெள்ளி, முத்து நிற வண்டி என்றால் கதவை வீட்டில் தொடாதீர்கள் என்றே சொல்வேன்.

கிளியர் கோட்: நுரையீரல் சம்பந்தப்பட்ட இடம்

ஆலையில் வெற்று உடலை 140 டிகிரி அளவில் சுட்டு எடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் ஒயரும் ஏறிய வண்டியை அப்படிச் சுட முடியாது. அதனால் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் மூடிய அறையான பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஹார்ட்னரின் துணையோடு இறுக வைக்கிறார்கள். வீட்டில் சூடு என்பது அன்றைய வானிலைதான். ஈரக் காற்றில் சாதாரண டப்பா பெயின்ட் பால்போல வெளுத்துப்போகும்.

டப்பாவில் இரண்டு வகை. ஹார்ட்னர் இல்லாத சாதாரணக் கிளியர் தானாகக் காயும், எளிது. ஆனால் பின்னாளில் பெட்ரோல் பட்டால் இளகும். அதனால் எரிபொருள் மூடிக்குப் பக்கத்தில் அதை அடிக்கக் கூடாது. பெட்ரோல் போடும்போது வழியும் ஒரு துளி போதும். இன்னொன்று, அடியிலுள்ள பொத்தானை அழுத்தி உள்ளேயே ஹார்ட்னரை உடைத்துக் கலக்கும் வகை. பட்டறைப் பூச்சுக்குக் கிட்டத்தட்ட ஈடான உறுதி கிடைக்கும். கலந்தால் ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஆபத்தான அளவிலும் வாசனை காட்டாது. உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். தூசி முகமூடி இதற்குப் பயனே இல்லை. பூத்தில் வேலை செய்பவர்கள் வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி போட்டுக்கொள்வது இதற்காகத்தான். மூடிய கராஜில், வீட்டுக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதை அடிக்கவே கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய பேனல் எதையும் பட்டறைக்கு அனுப்புகிறேன்.

தூசி, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு இவற்றைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். கிளியர் நன்றாக இறுகிய பிறகு 2000-ஆம் எண் தாளை நனைத்துத் தேய்த்து, காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை போட்டால் போய்விடும். விளிம்புகளில் மட்டும் கை நிதானமாக இருக்கட்டும். ஆலைப் பூச்சு எல்லா அடுக்கும் சேர்த்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

செலவு

வீட்டில் அடித்தால் மிச்சம் அதிகம் என்பது பாதி உண்மை. தாள்கள், பட்டி, பிரைமர், நிறம், கிளியர், மாஸ்கிங் டேப், முகமூடி, காம்பவுண்ட் எல்லாவற்றையும் ஒரே ஒரு பேனலுக்காக வாங்கினால் மிச்சம் சுருங்கிவிடும். ஸ்பிரே கன் வாங்கலாம் என்றால், அது நிமிடத்துக்கு 250 லிட்டருக்குமேல் காற்று கேட்கும். டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர் பாதிக் கதவிலேயே மூச்சு வாங்கிவிடும்.

பாதி வழி ஒன்று உண்டு: தேய்ப்பை வீட்டில் முடித்து, நிறத்தையும் கிளியரையும் பட்டறையில் அடிப்பது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஆனால் சில பட்டறைகள் ஒத்துக்கொள்வதில்லை. அடியில் யாரோ செய்த வேலை நாளை உரிந்தால் பழி அவர்கள் தலையில் விழும், அது நியாயமான பயம். தாளைக் கையில் எடுக்கும் முன்பே போய்ப் பேசி, எந்தக் கட்டம் வரை நீங்கள், எங்கிருந்து அவர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்க நான் கேட்பது மூன்று கேள்வி. கைப்பிடியையும் விளக்கையும் கழற்றுவீர்களா, டேப் ஒட்டி மறைப்பீர்களா? பக்கத்துப் பேனலுக்கு நிறத்தைக் கரையவிடுவீர்களா? சர்ஃபேசர் எவ்வளவு நேரம் காயும்? மூன்றாவதைக் கேட்க என் பானட்தான் கற்றுத்தந்தது. வண்டியை எடுக்க வெயில் இருக்கும்போது போங்கள். கதவைத் திறந்து ரப்பர் ஓரங்களில் பெயின்ட் சிதறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது என் வண்டியில் இரண்டு வேலை பாக்கி. பின் பம்பரின் கீழ் ஓரத்தில் வண்ணம் ஏறாத கறுப்புப் பகுதி கீறியிருக்கிறது. அது வீட்டில்தான்: கழற்றித் தாங்கியில் படுக்கவைத்து, பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் போட்டுவிட்டுக் கறுப்பு அடித்தால் போதும். எந்தக் கதவோடும் நிறம் பொருத்த வேண்டியதில்லை. பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள வண்டியாக இருந்தால் தயங்கியிருப்பேன். பூச்சுத் தடித்தால் அது சரியாகப் பார்க்காது. வலது பின்கதவு வெள்ளி நிறம், நீளக் கீறல், நகம் மாட்டுகிறது. அதனால் பாலிஷில் போகாது. தேய்த்து, சர்ஃபேசர் வரை நானே முடித்துவிட்டேன். நிறத்துக்கும் கிளியருக்கும் அடுத்த வாரம் பட்டறைக்குப் போகிறது. ஃபெண்டரையும் கூடவே கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.