ஓடுதளமா, மானியமா? சேலம், தூத்துக்குடி, சிவமொக்கா: சிறு விமான நிலையத்துக்கு மூன்று பண வழிகள்

சேலத்தை ஒட்டிய காமலாபுரத்திலும் தூத்துக்குடியை ஒட்டிய வாகைக்குளத்திலும் 1990-களின் தொடக்கத்தில் விமான நிலையங்கள் வந்தன. இரண்டுக்கும் குறுகிய ஓடுதளம், சிறிய கட்டடம். சில காலம் விமானம் வரும், பிறகு நின்றுபோகும், ஆண்டுக்கணக்கில் ஓடுதளம் வெயிலில் காயும். முப்பது ஆண்டு கழித்து இரண்டும் வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன. சேலத்தில் அரசின் பணம் முக்கியமாக விமான இருக்கைக்குப் போனது. தூத்துக்குடியில் தாருக்கும் கான்கிரீட்டுக்கும் போனது. பக்கத்து மாநிலத்துச் சிவமொக்காவில் மாநில அரசே முழுச் செலவையும் தலையில் ஏற்றிக்கொண்டது. அடுத்து விமான நிலையம் கேட்டு நிற்கும் ஊர்கள் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

பணத்துக்கு முன்னால் மீட்டர் கணக்கு

எந்த விமானம் இறங்கும் என்பதை ஓடுதளத்தின் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஊர்க் கூட்டங்களில் இதைப் பேசுவதே இல்லை, முனையக் கட்டடத்தின் படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

சுமார் எழுபது பேர் அமரும் ஏடிஆர் 72 விமானம், முழு எடையோடு, கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் மேலெழ ஏறத்தாழ 1,315 மீட்டர் வேண்டும். 180 பேர் அமரும் ஏ320-க்கு ஏறத்தாழ 2,100 மீட்டர். இவை குளிர்ந்த ஊரின் எண்கள். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, உயரம் 300 மீட்டர் கூடினால் நீளத்தை 7 விழுக்காடு கூட்ட வேண்டும். அந்த உயரத்துக்கென்று கணக்குக்காக வைத்திருக்கும் நிலையான வெப்பத்தைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் இன்னொரு 1 விழுக்காடு.

சேலம் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நிலையான வெப்பம் 13 டிகிரி. கோடையின் சராசரி உச்ச வெப்பத்தை 37 என்று வைத்தால் வித்தியாசம் 24. 1,315-ஐ 1.07-ஆலும் பிறகு 1.24-ஆலும் பெருக்கினால் சுமார் 1,745 மீட்டர். சேலத்தின் ஓடுதளம் 1,806 மீட்டர். அதாவது ஏடிஆருக்குச் சரியாகப் போதும், அதற்குமேல் இடமில்லை. அதே கணக்கில் ஏ320 முழு எடையோடு எழ அங்கே ஏறத்தாழ 2,800 மீட்டர் வேண்டும்.

தூத்துக்குடியின் பழைய ஓடுதளம் 1,350 மீட்டர்தான். கடற்கரை ஊர் என்பதால் உயரத்துக்குக் கூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் வெப்பத்துக்கு 22 விழுக்காடு கூட்டினால் ஏடிஆரின் முழு எடைக்கே சுமார் 1,600 மீட்டர் தேவை. குறையும் 250 மீட்டரை எடையைக் குறைத்துத்தான் ஈடுகட்ட முடியும்: எரிபொருள் குறைவாக ஏற்றுவது, இருக்கையைக் காலியாக விடுவது, சரக்கை இறக்கி வைப்பது. பயணி இருந்தும் ஏற்ற முடியாத நிலை விமான நிறுவனத்துக்கு நேரடி நட்டம். வாகைக்குளத்தின் வளர்ச்சியை நெடுங்காலம் பிடித்து நிறுத்தியது இந்த 250 மீட்டர் என்றே சொல்வேன்.

சேலம் வழி: இருக்கைக்கு மானியம்

சிறு ஊர்களுக்கு மானியத்தோடு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்தது. சேலத்துக்கு அது 2018 மார்ச்சில், சென்னைக்கு ஏடிஆர் 72 சேவையாக வந்தது.

ஏற்பாடு இப்படி: விமானத்தின் பாதி இருக்கைகளை, குறைந்தது 9, அதிகபட்சம் 40, உச்சவரம்பு விலைக்குள் விற்க வேண்டும். சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்குத் தொடக்கத்தில் வைத்த வரம்பு ரூ.2,500. செலவுக்கும் டிக்கெட் விலைக்கும் உள்ள இடைவெளியை மூன்று ஆண்டுகளுக்கு மானியமாகக் கொடுப்பார்கள். அதில் 80 விழுக்காடு மத்திய நிதியிலிருந்து, 20 விழுக்காடு மாநிலத்திடமிருந்து. அந்த மத்திய நிதி பெரிய வழித்தட விமானங்கள் மீது விதிக்கும் தீர்வையிலிருந்து வருகிறது. சென்னை–டெல்லி பயணிதான் சேலம் பயணிக்குக் கொடுக்கிறார். இதோடு தரையிறங்கு கட்டணம் கிடையாது. விமான எரிபொருளுக்கு மாநிலம் 1 விழுக்காடோ அதற்குக் கீழோதான் வாட் (மதிப்புக் கூட்டு வரி) போடலாம். தமிழ்நாட்டின் வழக்கமான வாட் 29 விழுக்காடு என்பதால் இந்தச் சலுகை மானியத்துக்கு இணையானது.

ஒரு உதாரணக் கணக்கு. 72 இருக்கையில் 36 மானிய இருக்கை, இருக்கைக்கு ரூ.2,000 மானியம், தினம் ஒரு விமானம் என்று வைப்போம். ஒரு திசைக்கு ஆண்டுக்குச் சுமார் ரூ.2.6 கோடி, போக வர ரூ.5.2 கோடி, மூன்று ஆண்டுக்கு ரூ.16 கோடிக்குள். மாநிலத்தின் பங்கு ஆண்டுக்கு ஒரு கோடி சொச்சம். மலிவுதான். நிலம் எடுக்க வேண்டாம், எல்லாம் சரியாக நடந்தால் விமானமும் சீக்கிரம் வரும். ஒரு ஊரில் பயணி இருக்கிறாரா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

சிக்கல் நான்காம் ஆண்டில் தொடங்குகிறது. சேலத்தின் அந்தச் சேவை 2021-ல் நின்றது. இது சேலத்தின் தனிக்கதை அல்ல. 2023-ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையின்படி, உடான் மூன்றாம் சுற்றுவரை ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டையும் முடித்தவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54 மட்டுமே.

தடத் தேர்விலும் பாடம் உண்டு. சேலம்–சென்னைக்கு ரயிலில் வந்தே பாரத் நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது, அதுவும் நகருக்குள்ளேயே. காமலாபுரம் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். முன்கூட்டியே போய் நிற்கும் நேரத்தையும் மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் வரும் நேரத்தையும் சேர்த்தால் விமானத்தின் லாபம் கரைந்துவிடும். 2023 அக்டோபரில் சேவை மீண்டும் தொடங்கியபோது பெங்களூரு, கொச்சி, ஐதராபாத்தும் பட்டியலில் சேர்ந்தது சரியான திருத்தம். சேலத்து ஜவுளி, எஃகு வியாபாரிக்கு ஐதராபாத்துக்கு நேர் விமானம்தான் உண்மையான நேர மிச்சம்.

தூத்துக்குடி வழி: முதலில் ஓடுதளம்

இங்கே மாநிலம் நிலம் எடுத்துக் கொடுத்தது. இந்திய விமான நிலைய ஆணையம் சுமார் ரூ.450 கோடி போட்டது. ஓடுதளம் 1,350-க்கு 30 மீட்டரிலிருந்து 3,115-க்கு 45 மீட்டராக வளர்ந்தது. 17,340 சதுர மீட்டர் முனையம், நெரிசல் நேரத்தில் 1,350 பயணி, ஆண்டுக்கு 20 லட்சம் பேர் திறன். 2025 ஜூலை 26-இல் திறந்தார்கள்.

அகலத்தைக் கவனியுங்கள். 30 மீட்டர் ஏடிஆருக்குப் போதும். ஏ320, ஏ321-க்கு 45 மீட்டர் வேண்டும். நீளத்தை மட்டும் கூட்டி அகலத்தை விட்டால் போட்ட பணம் பாதி வீண். தீயணைப்பும் அப்படியே: விமானத்தின் அளவைப் பொறுத்துத் தீயணைப்புப் பிரிவு மாறும். ஏடிஆருக்கு ஐந்தாம் பிரிவு, ஒரு வண்டி, 5,400 லிட்டர் நீர். ஏ321-க்கு ஏழாம் பிரிவு, இரண்டு வண்டி, 12,100 லிட்டர். வண்டி வாங்கலாம், அதில் நாள் முழுக்க ஷிப்டில் நிற்கும் பயிற்சி பெற்ற ஆட்களின் சம்பளம்தான் நிரந்தரச் செலவு.

இந்த வழியின் ஆபத்து பயன்பாட்டில் இருக்கிறது. ரூ.450 கோடிக்கு 8 விழுக்காடு வட்டி என்று கணக்கிட்டாலே ஆண்டுக்கு ரூ.36 கோடி. 20 லட்சம் பேர் வந்தால் தலைக்கு ரூ.180. இரண்டு லட்சம் பேர்தான் என்றால் தலைக்கு ரூ.1,800. அதைப் பயணியிடம் வாங்க முடியாது; ஆணையம் தன் பெரிய நிலையங்களின் வருவாயிலிருந்து தாங்கும். ஒரு மாவட்டமோ தனி நிறுவனமோ இதைச் செய்ய முடியாது. ஆணைய வழியின் மிகப் பெரிய பலம் இந்தத் தாங்கும் தோள்.

ஆனாலும் தூத்துக்குடியில் துணிந்து போட்டது சரி என்பதே என் முடிவு. துறைமுகம், திருநெல்வேலி, தென்காசி, திருச்செந்தூர் என்று பின்னால் பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. சென்னைக்கு ரயில் என்றால் இரவு முழுதும் பயணம். குலசேகரப்பட்டினம் ஏவுதளமும் வருகிறது. முனையத்தை மட்டும் பாதி அளவில் கட்டி, மீதிக்கு இடம் விட்டிருக்கலாம். ஓடுதளத்தைத் தவணையில் போடக்கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு தவணைக்கும் சேவையை நிறுத்த வேண்டும், உரிமத்தைத் திருத்த வேண்டும். முனையத்தைத் தவணையில் கட்டலாம்.

சிவமொக்கா வழி: மாநிலமே முதலாளி

கர்நாடக அரசு சுமார் ரூ.450 கோடியில் 3,200 மீட்டர் ஓடுதளத்தோடு கட்டியது, நடத்துவதும் அதுவே. செலவு தூத்துக்குடிக்குச் சமம். நன்மை வேகம்: ஆணையத்தின் வரிசையில் காத்திருக்க வேண்டாம், நிலமும் மாநிலத்தின் பெயரிலேயே இருக்கும். தமிழ்நாடு தான் கொடுக்கும் நிலத்தில் உள்ள நிலையம் தனியாருக்குப் போனால் வருவாயில் பங்கு வேண்டும் என்று கேட்பதும் இதே கவலையில்தான். மாநிலமே வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது.

குறை அனுபவத்தில் இருக்கிறது. 2023 பிப்ரவரி 27-இல் திறப்பு விழா, முதல் பயணியர் விமானம் ஆகஸ்ட் 31-இல். நடுவில் ஆறு மாதம். தொடங்கியபோது இரவில் இறங்கும் வசதியும் இல்லை. இரவு வசதி இல்லாத நிலையத்தில் விமானத்தை இரவு நிறுத்தி அதிகாலையில் கிளப்ப முடியாது, மாலை தாமதமானால் வேறு ஊருக்குத் திருப்ப வேண்டும். காலையில் போய் வேலை முடித்து இரவில் திரும்பும் பயணிதான் சிறு ஊரின் நிலையான வாடிக்கையாளர். அவரை இழந்தால் விமானம் நிரம்பாது. கருவிகள் இல்லாமல் கண்பார்வையை நம்பி இறக்குவதென்றால் 5 கிலோமீட்டர் தெளிவு வேண்டும். மலைநாட்டு மழைக்காலத்தில் அது எத்தனை காலையில் கிடைக்கும்? இந்தக் கருவிகளும் விளக்குகளும் திறப்பு விழாவுக்கு முன்பே ஒப்பந்தத்தில் இருந்திருக்க வேண்டும்.

நான்காவதாக, கேரளத்தின் கண்ணூர் போல விமான நிலையத்துக்கென்றே ஒரு நிறுவனம் அமைத்துக் கட்டும் வழியும் உண்டு. ரூ.2,000 கோடிக்கு மேல் செலவிட்டு 2018 டிசம்பரில் திறந்தார்கள். வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்கு அனுமதி கிடைக்காததால் எதிர்பார்த்த வளைகுடா வருவாய் முழுதாக வரவில்லை, கடன் அழுத்துகிறது. வெளிநாட்டுப் பயணி நிச்சயம் இல்லாத ஊர் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

எந்த ஊருக்கு எது

பயணி இருக்கிறாரா என்றே தெரியாத ஊர் உடானில் தொடங்கட்டும். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஓடுதளத்தை நீட்டும் நிலம் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மானியம் முடியும் நாளில் விமானமும் போகும். மானியம் முடிந்தாலும் எரிபொருள் வாட் சலுகையை மாநிலம் எடுக்கக் கூடாது. பயணி இருப்பது உறுதியான ஊர் ஆணைய வழியில் முழு ஓடுதளத்தையும் ஒரே மூச்சில் கேட்கலாம். நிர்வாகத் திறனும் பொறுமையும் உள்ள மாநிலத்துக்கு மட்டும் சிவமொக்கா வழி.

சேலத்தின் முடிச்சு நிலம். விரிவாக்கத்துக்கு 570 ஏக்கர் கேட்டபோது காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகள் எதிர்த்தார்கள். விளைநிலத்தை இழப்பவரின் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரிகிறது. கருவி வழி இறங்கும் ஓடுதளத்தைச் சுற்றி 280 மீட்டர் அகலப் பட்டை வேண்டும். ஏ320-க்கு வேண்டிய 1,000 மீட்டர் நீட்டிப்புக்கு அது 28 ஹெக்டேர், அதாவது சுமார் 70 ஏக்கர். ஓடுதள முனையில் விடும் பாதுகாப்புப் பகுதி, வேலி, சுற்றுச்சாலை, விளக்குவரிசை சேர்த்தாலும் என் மதிப்பீட்டில் 120 ஏக்கருக்குள் அடங்கும். பழைய பகுதியின் பட்டை அகலம் போதாவிட்டால் அதை அளந்து தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். மீதி நிலம் ஓடுதளத்துக்கு இணையாக விமானம் ஊர்ந்து போகும் பாதைக்கும் வருங்கால முனையத்துக்கும். அதை இருபது ஆண்டு கழித்துக் கேட்கலாம். முதல் கட்டத்தில் எந்தப் புல எண், யாருடைய கிணறு, எத்தனை வீடு என்று வரைபடத்தோடு ஊர்க்காரர்கள் முன்னால் வைத்து, சந்தை விலைக்குப் பேச உட்கார வேண்டியது மாவட்ட நிர்வாகம்.