மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை நம்பாதீர்கள்

தூண்டில் ராடு கட்டும் கருவிகளை வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்கள், மதுரையில் பழைய மோட்டார் வாங்கப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 450 ரூபாயோடு போயிற்று. கரண்டில் கை பட்டிருந்தால் கணக்கே வேறு.

வண்டியூர் கண்மாயில் விரால் பிடிக்கும் என் தாய்மாமாவுக்காக ஆறரை அடி ராடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தேன். கருவிகள் எல்லாம் வீட்டுச் சரக்கு. ராடைத் தாங்க இரண்டு பலகைத் துண்டுகள், உச்சியில் வெட்டிய பள்ளத்தில் பழைய வெல்வெட் துணி. நூலை விறைப்பாகப் பிடிக்க, அம்மா ஒதுக்கிவைத்த தையல் மிஷினின் டென்ஷன் தட்டு. ராடின் அடியைக் கவ்வ, மூன்று பக்கமும் திருகாணி ஏற்றிய பிவிசி குழாய் மூடி. தூண்டில் நரம்பு ஓடும் கைடு வளையங்களை ராடில் நூலால் கட்டுவது பொறுமை இருந்தால் முடிந்துவிடும். வம்பு அதற்குப் பிறகுதான். நூலின் மேல் பூசும் எபாக்சிப் பசை இறுகும்வரை ராடு மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் பசை அடிப்பக்கம் இறங்கிச் சொட்டாகத் தொங்கிவிடும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று போதும். மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றுகிறதே, அந்தச் சின்ன மோட்டார் இதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும்.

பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அது கிடைத்தது. மேலே வெள்ளைக் காகிதத்தில் ‘230 வோல்ட், 5 சுற்று’ என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. “புதுச் சரக்கு அண்ணே, நேராகப் பிளக்கில் சொருகலாம்” என்றார் கடைக்காரர். ரசீது கேட்டேன். நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் 450 என்று எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன் பாருங்கள்!

வந்ததும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, அது என் தப்பு. எபாக்சியின் இரண்டு பாகத்தையும் சமமாகக் கலந்து, எட்டு வளையங்களுக்கும் பூசிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். ஒரு முனகல் கேட்டது. ராடு கால் சுற்றுகூடத் திரும்பவில்லை. வார்னிஷ் கருகும் நாற்றம், புகை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்ற ஆரம்பித்தேன். இரவு ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை, சில நிமிடத்துக்கு ஒருமுறை கால் திருப்பு. நடுவில் எட்டிப் பார்த்த மனைவி, “விரால் மீன் கடையிலேயே கிடைக்கிறதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

காலையில் காகிதத்தை நனைத்துச் சுரண்டினேன். அடியில் தகட்டிலேயே 21 வோல்ட் என்று பொறித்திருந்தது. சில மைக்ரோவேவ் அடுப்புகளில் தட்டு மோட்டாருக்கு 21 அல்லது 30 வோல்ட்தான் போகும். அதை வீட்டு மின்சாரத்தில் சொருகினால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகாமல் என்ன செய்யும்?

கடைக்குக் கொண்டுபோனேன். “கரண்டு ஏறி இறங்கியிருக்கும்” என்றார். தகட்டைக் காட்டினேன். காகிதம் கம்பெனி ஒட்டியது என்றார். தன் எழுத்தைத் தானே மூடும் கம்பெனி எது என்று கேட்டதற்கு, அடுத்தவருக்குப் பல்பு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாமென்றால், காட்டுவதற்கு என்னிடம் இருந்தது நாள்காட்டித் தாள்.

வாங்குகிறவர்கள் தகட்டில் பொறித்ததை மட்டும் படியுங்கள். 220-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், 5/6 சுற்று என்றிருந்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 5 சுற்று ஓடும். காகிதம் ஒட்டியிருந்தால் கடையிலேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 230 வோல்ட் சுருள் ஆயிரக்கணக்கான ஓம் காட்டும், 21 வோல்ட் சுருள் சில நூறைத் தாண்டாது. வயர் முனைகளை மூடாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ராடு பிழைத்துக்கொண்டது, நான்காவது வளையத்தின் அடியில் ஒரு பருவோடு. சென்ற வாரம் அந்தக் கடைப் பக்கம் போனேன். வாசல் தட்டில் அதே வெள்ளைக் காகிதத்தோடு ஏழெட்டு மோட்டார்கள் கிடந்தன.