மட்டக்களப்பில் ஒரு சனிக்கிழமைப் புள்ளிவிபர வகுப்பு: படித்து முடித்தவனின் மதிப்பீடு

எமது உதைபந்தாட்டக் கழகத்தில், பயிற்றுவிப்பாளர் இருவரில் எவர் சிறந்தவர் என்று, இரண்டு வருடமாக ஒரு வழக்குத் தீராமல் கிடந்தது. நீண்ட காலம் பயிற்றுவித்த மூத்தவரின் கீழ், சமநிலையில் முடிந்தவற்றை ஒதுக்கினால், 50 ஆட்டங்களில் 30 வெற்றி. அவருக்குப் பின் வந்த இளையவரின் கீழ் 10 ஆட்டங்களில் 8 வெற்றி. அறுபது வீதமா எண்பது வீதமா என்று செயற்குழுவில் ஒருவர் ஒரே மூச்சில் தீர்ப்பெழுதிவிட்டார். ஆட்டக் கொப்பியை எழுதி வைப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கணக்குச் செமிக்கவில்லை, ஆனால் எங்கே பிழை என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. அந்த நாட்களில்தான் நகரிலுள்ள ஒரு தனியார் கணினிப் பயிற்சி நிலையம் "விளையாட்டுத் தரவுகளும் புள்ளிவிபரவியலும்" என்று எட்டுச் சனிக்கிழமைகளுக்கு வகுப்பு வைப்பதாகத் துண்டுப்பிரசுரம் ஒன்று கைக்கு வந்தது. குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. தேடுகிறவர்களுக்குக் கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல.

வகுப்பில் நாங்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் இருந்தோம். கல்முனையிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் காலை பஸ்ஸில் வந்தவர்கள், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், காத்தான்குடியிலிருந்து கிரிக்கெட் கழகமொன்றின் செயலாளர். உள்ளூர்ப் போட்டிகளின் தரவு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, விரிவுரையாளர் திரையில் போட்டதோ அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர்களின் வெற்றிப் பட்டியல். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு உதைபந்தாட்டம் என்று எப்படிப் பெயர் வந்தது என்ற கேள்வியிலேயே முதல் அரை மணித்தியாலம் போய்விட்டது. அன்று அந்தத் தெரிவு எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வாரமளவில் அதன் நியாயம் விளங்கியது: நூறு வருடத்துக்கு மேலான பதிவுகள் அங்கே ஒழுங்காக இருக்கின்றன, ஒரே மனிதர் முப்பது நாற்பது பருவங்கள் பயிற்றுவித்திருக்கிறார், எவருக்கும் எங்கள் ஊர்க்காரர் என்ற பாசமோ பகையோ கிடையாது. மூத்தவரையும் இளையவரையும் வைத்துத் தொடங்கியிருந்தால் முதல் வாரமே அடிபிடியில் முடிந்திருக்கும். புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகளின் விளையாட்டுப் பற்றை வெபர் மைதானத்தின் பெயரிலேயே சுமந்து திரியும் ஊருக்கு இந்தத் தரவு அவ்வளவு அந்நியமும் அல்ல என்று பிற்பாடு எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தொடக்கம் எளிமையானது. வெற்றியோடு சமநிலையில் பாதியைக் கூட்டி, மொத்த ஆட்டங்களால் வகுத்தால் வெற்றி வீதம் கிடைக்கும். அலபாமாவில் பெரும்புகழ் பெற்ற போல் பிரையன்ட் 323 வெற்றி, 85 தோல்வி, 17 சமநிலை, ஆகவே 0.780. முதற்பிரிவு ஆட்டங்களில் 1996 முதல் மேலதிக நேரம் கொடுத்து முடிவு காண்பதால், பிற்காலத்தவர்களின் கணக்கில் சமநிலை ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. இதை வகுப்பு வேகமாகக் கடந்தது, அது சரியே.

அதன் பிறகுதான் கட்டணத்துக்கான பெறுமதி தெரியத் தொடங்கியது. நொட்ரடாம் பல்கலைக்கழகத்தில் 1918 முதல் 1930 வரை பயிற்றுவித்து, 1931 மார்ச்சில் விமான விபத்தில் இறந்த நூட் ராக்னியின் பதிவு 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை. அவரிடம் விளையாடிப் பழகி, பின்னர் அதே நொட்ரடாமுக்குப் பயிற்றுவிப்பாளராக வந்த ஃபிராங்க் லேஹியின் பதிவு 107, 13, 9. வீதம் முறையே 0.881, 0.864. ஆசான் மாணவனை முந்திவிட்டார் என்று நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, விரிவுரையாளர் நியம வழுவை, அதாவது தற்செயலால் மட்டும் அந்த வீதம் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதன் அளவை, கணிக்கச் சொன்னார்: வீதத்தை, ஒன்றிலிருந்து வீதத்தைக் கழித்தால் வருவதால் பெருக்கி, ஆட்ட எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். அதை 1.96ஆல் பெருக்கி இரு பக்கமும் விரித்தால் 95 வீத நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மையான வீதம் பெரும்பாலும் அடங்கக்கூடிய எல்லை. ராக்னிக்கு 82.4 வீதத்திலிருந்து 93.9 வரை, லேஹிக்கு 80.5இலிருந்து 92.3 வரை. இரண்டு பாய்களை ஒன்றன்மேல் ஒன்று விரித்ததுபோல ஆயிடைகள் கிடந்தன. இந்த ஆட்டங்களை மட்டும் வைத்து இருவரில் எவர் உயர்ந்தவர் என்று சொல்ல இயலாது என்பதை, ஒருவருடைய வாய்ச்சொல்லாக அல்லாமல், எங்கள் கையாலேயே போட்ட கணக்காகக் கண்டோம்.

நான்காம் வாரம் இன்னும் சிறப்பாக இருந்தது. ஒக்லஹோமாவின் பேரி சுவிட்சரும் நெப்ராஸ்காவின் டொம் ஒஸ்போர்னும் ஒரே வருடத்தில், 1973இல், தலைமைப் பொறுப்பேற்றவர்கள். சுவிட்சர் 157, 29, 4. ஒஸ்போர்ன் 255, 49, 3. வீதம் 0.837உம் 0.836உம், மயிரிழை என்றால் இதுதான். ஆனால் இருவரும் நேருக்கு நேர் மோதிய 17 ஆட்டங்களில் சுவிட்சருக்கு 12, ஒஸ்போர்னுக்கு 5. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று உயர்தரப் பிள்ளை ஒருவர் கேட்டதும், விரிவுரையாளர் பதில் சொல்லாமல் ஆளுக்கொரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுக்கச் சொன்னார். எங்கள் நாணயத்தில் தலை எது, பூ எது என்ற சிறு சச்சரவுக்குப் பின், இலச்சினைப் பக்கம் சுவிட்சர், எண் பக்கம் ஒஸ்போர்ன் என்று தீர்மானமாயிற்று. ஒவ்வொருவரும் பதினேழு தடவை சுண்டினோம். சில நாணயங்கள் மேசைக்கடியில் உருண்டோடின. ஓய்வுபெற்ற ஆசிரியர் குனிந்து தேடியபடியே "இதுவும் ஒஸ்போர்ன்தான்" என்று உரத்துச் சொன்னார். முடிவில் இரண்டு பேருக்குப் பன்னிரண்டும் அதற்கு மேலும் இலச்சினை விழுந்திருந்தது. கணக்கில் பார்த்தாலும், பக்கச்சார்பற்ற நாணயத்தைப் பதினேழு தடவை சுண்டும்போது குறித்த ஒரு பக்கம் பன்னிரண்டுக்குக் குறையாமல் விழும் நிகழ்தகவு சுமார் 7 வீதம். பன்னிரண்டுக்கு ஐந்து என்பது அலட்சியம் செய்யக்கூடியதல்ல, ஆனால் அடித்துச் சொல்லப் போதுமானதுமல்ல. நிகழ்தகவைப் பாடசாலையில் படித்து முப்பது வருடமான எனக்கு, அது கையில் விளங்கியது அன்றுதான்.

அடுத்த வாரம் எனது கொப்பியைக் கொண்டுபோனேன். இளையவரின் 10 ஆட்டங்களுக்கு அதே சூத்திரத்தைப் போட்டபோது ஆயிடை 55 வீதத்தில் தொடங்கி 105 வீதத்தில் முடிந்தது. நூறு ஆட்டத்தில் நூற்றைந்து வெல்லும் பயிற்றுவிப்பாளர் கிடைத்தால் எமது கழகம் வேண்டாம் என்று சொல்லாதுதான், ஆனால் சூத்திரம் உடைந்துவிட்டது என்பது தெளிவு. சிறிய எண்ணிக்கைகளுக்கு அது பொருந்தாது என்று விளக்கிய விரிவுரையாளர், ஒரு கைமருந்து சொல்லித் தந்தார்: எந்தப் பதிவோடும் இரண்டு வெற்றியையும் இரண்டு தோல்வியையும் கடனாகச் சேர்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"மகன், எட்டு வெற்றி எண்டால் எட்டு வெற்றிதானே. விளையாடாத விளையாட்டை எப்படிக் கா கணக்கில சேர்க்கிற?"

"சேர், ஒரு விளையாட்டு விளையாடி ஒண்டை வெண்டவரை நூறு வீதம் எண்டு எழுதுவீங்களா?"

"அது எழுத ஏலாது."

"அப்ப, எழுத ஏலாது எண்டு நீங்க நினைக்கிற அந்த நினைப்பைத்தான் சேர், நான் நாலு விளையாட்டா எழுதிறன்."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை. கடனைச் சேர்த்ததும் இளையவரின் எண்பது வீதம் 14 ஆட்டங்களில் 10 வெற்றியாக, அதாவது 71 வீதமாக, இறங்கியது. மூத்தவருடையது 54இல் 32ஆக, 59 வீதத்தில் நின்றது. ஐம்பது ஆட்டம் ஆடியவரைக் கடன் அசைக்கவில்லை. பத்து ஆட்டக்காரரைத்தான் உலுக்கியது. எட்வின் வில்சன் என்ற அமெரிக்கர் 1927இல் வெளியிட்ட முறைப்படி இளையவரின் ஆயிடையைக் கண்டால் அது 49 முதல் 94 வரை பரந்து கிடக்கிறது. மூத்தவருடையது 46 முதல் 72 வரை. செயற்குழு முடித்துவைத்த வழக்கு முடியவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

இனி எனது பெரிய மனக்குறை. ஆயிடை அளப்பது தற்செயலை மட்டுமே. எதிரணியின் பலத்தை அது அளக்காது. பட்டியலின் உச்சியில் இருந்தவர் ஒகையோவிலுள்ள மவுண்ட் யூனியன் கல்லூரியின் லரி கெரஸ்: 332, 24, 3, வீதம் 0.929. அவருடைய ஆயிடையின் அடிமட்டமே 90 வீதம், ராக்னியின் சராசரிக்கும் மேலே. அப்படியானால் கெரஸ்தான் எல்லோரிலும் சிறந்தவரா? அவருடைய அணி ஆடியது விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்காத மூன்றாம் பிரிவில். பிரையன்டின் எதிரணிகளை அது சந்தித்ததே இல்லை. மறுபுறம், கறுப்பின மாணவர்களுக்கென லூசியானாவில் எழுந்த கிராம்பிளிங் பல்கலைக்கழகத்தில் 1941 முதல் 1997 வரை இருந்த எடி ரொபின்சனின் 408, 165, 15 என்ற பதிவு வீதப்படி 0.707 மட்டுமே. தென்மாநிலப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களை அணியில் சேர்க்காதிருந்த காலத்தில் தொடங்கி, 200க்கும் மேற்பட்ட வீரர்களைத் தொழில்முறை ஆட்டத்துக்கு அனுப்பிய மனிதர் அவர். அந்த அணி எவரோடு ஆட அனுமதிக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் 0.707ஐ மட்டும் திரையில் காட்டுவது அரைகுறைக் கணக்கு. விரிவுரையாளருக்கு இது தெரியாததல்ல. எதிரணி பலத்தையும் சேர்த்து மதிப்பிடும் பிராட்லி–டெரி மாதிரியை, 1952இல் வெளிவந்தது என்ற குறிப்போடு, கடைசிச் சனிக்கிழமையின் கடைசி நாற்பது நிமிடத்தில் அவசர அவசரமாக ஓட்டிக்காட்டினார். வகுப்பின் நடுவில் நிற்கவேண்டிய பாடம் வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில் வந்தது. ஆறாம் ஏழாம் வாரங்களை எக்செலில் வர்ணப் படங்கள் கீறுவதற்குச் செலவிடாமல் இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

குறிப்புத் தாள்களும் திருத்தப்பட வேண்டியவை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுவிப்பாளராக இருந்த ஜோ பட்டேர்னோவின் வெற்றிகள் ஒரு பக்கத்தில் 409 என்றும் இன்னொரு பக்கத்தில் 298 என்றும் அச்சாகியிருந்தன. அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் உதவிப் பயிற்றுவிப்பாளர் ஒருவரின் சிறுவர் துஷ்பிரயோக வழக்கை ஒட்டி, 2012 யூலையில் பட்டேர்னோவின் 111 வெற்றிகள் நீக்கப்பட்டு, 2015 சனவரியில் அவை திரும்பச் சேர்க்கப்பட்டன. இரண்டு எண்களுக்கும் காரணம் அதுதான். தோல்விகள் 136உம் சமநிலைகள் 3உம் அப்படியே இருக்க, வெற்றிகளை மட்டும் நீக்கினால் வீதம் 0.749இலிருந்து 0.685க்கு விழும். மைதானத்தில் ஒரு ஆட்டமும் மாறவில்லை, கூட்ட அறையில்தான் மாறியது. தரவு என்பது எவரோ ஒருவர் எழுதி வைத்தது என்று கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அது வகுப்பில் வெறும் அச்சுப்பிழையாகக் கடந்து போயிற்று. கலைச்சொற்களிலும் ஒழுங்கில்லை: தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் நியம விலகலும் நியம வழுவும் ஒரே தாளில் இடம்மாறி நின்றன. வேறுபாடு தெரியாத ஒருவர் அந்தத் தாளை வீட்டில் வைத்துப் படித்தால் குழம்பிப்போவார்.

வகுப்பு முடிந்த வாரம் செயற்குழுவில் எனது கணக்கை வைத்தேன். இருவருக்குமிடையிலான இருபது வீத வித்தியாசம் தனது நியம வழுவின் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை, ஆகவே இந்த ஆட்டங்களைக் கொண்டு இருவரையும் பிரிக்க முடியாது என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்ப காசும் குடுத்து எட்டுச் சனிக்கிழமையும் போய், ஒண்டும் சொல்ல ஏலாது எண்டு படிச்சிட்டு வந்திருக்கிறீங்க" என்றார். ஆமாம் என்றேன். இளையவருக்கு இன்னும் ஒரு பருவம் கொடுப்பதென்றும், மூத்தவர் கீழ்ப்பிரிவுப் பிள்ளைகளைப் பார்ப்பதென்றும், எதிரணியின் பெயரையும் அது எந்தப் பிரிவு என்பதையும் கொப்பியில் தனி நிரலாக எழுதுவதென்றும் தீர்மானமாயிற்று. கடைசித் தீர்மானத்துக்காகவே கட்டணம் எனக்குச் செரித்துவிட்டது.

அடுத்த வகுப்புத் தொடருக்கு இப்போது பெயர் பதிகிறார்கள். சாதாரண தரக் கணிதம் நினைவிருந்தால் போதும், ஆனால் சொந்தமாக ஒரு தரவையும் ஒரு கேள்வியையும் கையோடு கொண்டுபோகிறவருக்கே பயன் அதிகம். நிலையத்தின் கணினிகளை இரண்டு பேர் பகிர வேண்டியிருப்பதால் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் எடுத்துச் செல்வது நல்லது. மின்விசிறிக் காற்று பின்வரிசைக்கு எட்டாது. வாவிப் பக்க யன்னலோரம் இருக்க விரும்பினால் எட்டரைக்கு முன் போய்விட வேண்டும்.