லிப்ரே ஆபீஸ் டார்க் தீம்: பத்திரம் அடிக்கும் கடைக்கு ஒத்து வருமா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து டைப்பிங் கடைகளில் தமிழும் மலையாளமும் ஒரே மேசையில் ஓடும். 1956 நவம்பர் வரை இந்தப் பக்கத்து விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், பழைய ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்) பலவும் மலையாளத்தில்தான் வரும். அதைப் பார்த்து நாள் முழுக்க அடிக்கிறவர்களுக்கு வெள்ளைத் திரை கண் எரிச்சல்தான். லிப்ரே ஆபீஸ் என்ற டைப்பிங் மென்பொருளின் திரையைக் கறுப்பாக்கும் டார்க் தீம் அவர்களுக்கு நல்ல வசதி, ஒரு விஷயம் புரிந்திருந்தால்.

விண்டோஸில் 2023-ல் வந்த லிப்ரே ஆபீஸ் 7.5 பதிப்பிலிருந்தே இது உருப்படியாக இருக்கிறது. பிறகு வந்த 25.2 பதிப்பில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ், அப்பியரன்ஸ் என்று போனால் சிஸ்டம், லைட், டார்க் மூன்றும் உண்டு. மாற்றியதும் ரீஸ்டார்ட் கேட்கும். திறந்து கிடக்கும் ஃபைலை முதலில் சேவ் பண்ணிவிடுங்கள். ஐகான் தீமை ஆட்டோமேடிக்கிலேயே விடுங்கள். லைட்டுக்கான ஐகானைப் பிடித்து வைத்தால் கறுப்பில் கறுப்பாகி டூல்பாரே தெரியாது.

சிக்கல் எழுத்து நிறத்தில். ஃபான்ட் கலர் 'ஆட்டோமேடிக்' என்றிருந்தால் கறுத்த பக்கத்தில் எழுத்து வெள்ளையாகத் தெரியும், அச்சில் கறுப்பாகவே விழும். வாட்ஸப்பிலிருந்தோ மெயிலிலிருந்தோ ஒட்டிய பத்தியில் கறுப்பு நிறமே பதிந்திருக்கும். நான்கெல்லை விவரத்தின் நடுவே சர்வே எண் வரி மட்டும் காணாமல் போகும். அவசரத்தில் அதைச் செலக்ட் பண்ணி வெள்ளை நிறம் கொடுத்தால் திரையில் சரியாகிவிடும். முத்திரைத்தாளில் அந்த இடம் வெறுமையாக வரும். தாளுக்குக் கொடுத்த காசு போச்சு.

வெள்ளை கொடுக்கவே கூடாது. வரியைச் செலக்ட் பண்ணி, ஃபான்ட் கலர் பட்டியலின் மேலே உள்ள ஆட்டோமேடிக்கை அழுத்துங்கள். கன்ட்ரோல் எம் அடித்தாலும் நிறம் போகும், ஆனால் கையால் கொடுத்த போல்டும் எழுத்து அளவும் சேர்ந்தே போய்விடும். பத்திரத்தில் அது வேண்டாம்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மெனுவும் ஓரமும் டார்க்கில் இருக்கட்டும். அதே அப்பியரன்ஸ் பக்கத்தில் 'டாக்குமென்ட் பேக்ரவுண்ட்' நிறத்தை மட்டும் வெளிர் சாம்பலாக்குங்கள். ஆட்டோமேடிக் எழுத்து தானே கறுப்பாகிவிடும், ஒட்டிய பத்தியும் தெரியும். இந்தப் பின்னணி அச்சில் விழாது. முழுக் கறுப்பில் சின்ன அளவில் மங்கும் தமிழ்ப் புள்ளியும் இதில் தெளிவாகத் தெரிகிறது. பத்திரக் கடைக்கு நாங்கள் சொல்வது இந்த அமைப்பைத்தான். அப்படியும் முத்திரைத்தாளை வைக்குமுன் ஒரு பிடிஎஃப் எடுத்து, சர்வே எண் வரியை விரல் வைத்துப் படித்துவிடுங்கள்.